ஷட்டருக்குக் கீழே தாவும் தண்ணீர்

வயநாட்டு லக்கிடியின் மலைவிளிம்பில் ஆடி மழை கொட்டும்போது அந்தத் தண்ணீருக்கு இரண்டு வழி உண்டு. விளிம்புக்கு மேற்கே விழுந்த மழை துஷாரகிரி அருவிகளாக இறங்கி, சாலிப்புழையாகி, இருவஞ்சிப்புழையில் கலந்து, சாலியாற்றோடு போய் பேப்பூரில் அரபிக் கடலைச் சேர்ந்துவிடும். விளிம்புக்குக் கிழக்கே விழுந்த மழைக்கு அத்தனை அவசரம் இல்லை. அது பனமரம் ஆற்றில் இறங்கிக் கபினிக்குப் போகும். திருமகூடலு நரசிப்பூரில் காவிரியைச் சேரும். ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தங்கி, முக்கொம்பில் ஒருமுறையும் கல்லணையில் மறுமுறையும் பிரிந்து, கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் யாரோ ஒருவருடைய நாற்றங்காலில் வந்து நிற்கும்.

மேற்கே போகும் தண்ணீரைத் தேடி ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிக்குக் கயாக் வீரர்கள் வந்து இறங்குகிறார்கள். அங்கே 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிறது. ஐரோப்பா, நேபாளம், ரிஷிகேஷ், கர்நாடகம் என்று பல திசைகளிலிருந்தும் வருபவர்கள் புலிக்கயத்திலும் எலந்துக்கடவிலும் துடுப்பு போடுகிறார்கள். வென்றவருக்கு ரேப்பிட் ராஜா, ரேப்பிட் ராணி என்று பட்டம். ஆனால் இந்த மழையைக் கொண்டாட்டமாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண்ணோடு மண்ணாக்கியதும் இதே மலைத்தொடரில் பெய்த இதே பருவத்து மழைதான்.

இந்த அத்தியாயம் கிழக்கே வந்த தண்ணீரைப் பற்றியது. அதற்கான பாடத்தை மட்டும் மேற்கே துடுப்பு போடுகிறவர்களிடம் கேட்கப்போகிறோம். நம் மதகுகளுக்குக் கீழே நுரைத்துப் புரளும் தண்ணீரை நாம் தலைமுறை தலைமுறையாகப் பாலத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறோம். அவர்கள் அதற்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து பழகியவர்கள்.

கல்லணைக்குக் கிழக்கே ஆற்றில் பாறை கிடையாது. எல்லாம் வண்டல், மணல், களி. நிலத்தின் சரிவும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அப்படியிருந்தும் டெல்டாவில் வெள்ளை நீர் இருக்கிறது. வெண்ணாறும் வெட்டாறும் பிரியும் தென்பெரம்பூர்த் தலைப்பில், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில், கல்லணைக் கால்வாயின் மதகுகளில், கொள்ளிடத்து அணைக்கரையில் என்று மனிதன் ஆற்றை மறித்த இடத்தில் எல்லாம் இருக்கிறது.

தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஒரு தலைப்பில் போய் நின்று பாருங்கள். மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆகாயத்தாமரை ஷட்டரில் மோதி ஒதுங்கியிருக்கும். கீழ்ப்பக்கம் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நுரை இல்லை. ஷட்டருக்கு அடியிலிருந்து வெளிவரும் தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி மெல்லிசாக, பளபளப்பாக, நீள நீளமாகக் கோடு விழுந்து, சிமென்ட் தளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அது அசையாமல் நிற்பதாகக்கூடத் தோன்றும். சில மீட்டர் தள்ளிப் போனதும் அந்தத் தகடு சட்டென்று உடைகிறது. தண்ணீர் எழும்பி, வெள்ளையாகி, தன் மேலேயே திரும்பி விழுந்து புரள்கிறது. அதையும் தாண்டினால் ஆறு மறுபடி பழைய ஆறு: ஆழமாக, மெதுவாக, பழுப்பாக. மெல்லிய வேக ஓட்டம் ஒரே இடத்தில் ஆழமான மெத்தன ஓட்டமாக மாறும் இந்த நிகழ்ச்சிக்குப் பாடப்புத்தகத்தில் நீர்த்தாவல் என்று பெயர். லியோனார்டோ டா வின்சி இதைக் கவனித்துப் படம் வரைந்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் தூரினில் ஜார்ஜோ பிடோனே இதை அளந்து பார்த்தார். அதற்குப் பிறகு பிரெஞ்சுப் பொறியாளர் பெலாஞ்சே சரியான சமன்பாட்டைக் கண்டார். கயாக் ஓட்டுகிறவர்கள் இதையே ஹோல் என்கிறார்கள்.

தண்ணீர் ஏன் தாவ வேண்டும்? ஆழமில்லாத தண்ணீரில் ஓர் அலை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ஆழம்தான் தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 3.1 மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 1.7 மீட்டர். ஆற்றில் சேதி போவது இந்த அலைகளின் மூலமாகத்தான். கீழே தடை இருக்கிறது, ஆழம் இருக்கிறது என்ற தகவல் அலையாக மேலேறி வந்தால்தான் மேலிருந்து வரும் தண்ணீர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும். ஓட்டத்தின் வேகம் அலையின் வேகத்தைவிடக் கூடிவிட்டால் சேதி மேலேற முடியாது. முன்னால் என்ன இருக்கிறது என்று அறியாமலே தண்ணீர் பாய்கிறது. ஆழத்தில் போய் மோதிய பிறகு ஒரே இடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சரிசெய்தல்தான் தாவல். ஓட்டத்தின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது ஃப்ரூடு எண். கப்பல் மாதிரிகளை வைத்து ஆராய்ந்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஃப்ரூடின் பெயரால் வழங்குவது. அந்த எண் 1-க்குக் கீழே என்றால் சாதாரண ஆறு. 1-ஐத் தாண்டிய ஓட்டம் ஆழமான தண்ணீரைச் சந்தித்தால் தாவல் வரும்.

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் இனி சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் போதும். ஷட்டருக்கு மேல்பக்கம் 2.3 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. ஷட்டரை அரை மீட்டர் தூக்குகிறார்கள். அடியில் வெளிவரும் தண்ணீர் சற்றுச் சுருங்கி, 30 சென்டிமீட்டர் தடிமனாகும். அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 6.3 மீட்டர். அந்த ஆழத்தில் அலையின் வேகம் 1.7 மீட்டர்தான், ஆகவே ஃப்ரூடு எண் 3.7-ஐ ஒட்டி வருகிறது. பெலாஞ்சேயின் சமன்பாட்டில் இதைப் போட்டால், தாவி முடிந்ததும் தண்ணீரின் ஆழம் 1.4 மீட்டர், வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர். சில மீட்டர் தூரத்துக்குள் வேகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

வேகத்தோடு போன ஆற்றல் எங்கே? நுரையிலும் சத்தத்திலும் சுழலிலும் அலைக்கழிந்து, முடிவில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குச் சிறிய வெப்பமாகிவிடுகிறது. நம் கணக்கில், அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் இப்படிக் கரையும் திறன் சுமார் 15 கிலோவாட், அதாவது 20 குதிரைசக்தி. வயலுக்கு வயல் ஓடும் 5 எச்பி மோட்டாரில் நான்கை, ஒரு மீட்டர் அகலத்துக்குள் அடுக்கி வைத்து, எதையும் இறைக்காமல் தண்ணீரைக் கலக்க மட்டும் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இந்தத் திறன் தளத்தின் மேலேயே கரைந்தாக வேண்டும். கரையாமல் மணல் படுகைக்குப் போனால் அது படுகையைத் தோண்டும்; தோண்டிய பள்ளம் அணையின் அடியைத் தேடி வரும். டெல்டாவின் ஒவ்வொரு கதவணையும் நிற்பது இந்தத் தாவலின் தயவில்தான்.

சமையலறையில் குழாயைத் திறந்து கவிழ்த்த தட்டின் மேல் விட்டால், விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டமும் அதற்கு வெளியே தடித்த விளிம்பும் தெரியும். அதுவும் தாவல்தான், ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். கேம்பிரிட்ஜில் ராஜேஷ் பகத்தும் அவருடைய கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, அத்தனை மெல்லிய படலத்தில் ஈர்ப்புவிசையைவிடப் பரப்பு இழுவிசைதான் வட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்டது. ஆற்றில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஈர்ப்புவிசையின் ஆட்சிதான்.

இப்போது கயாக்குக்கு வருவோம். ஃபிரீஸ்டைல் போட்டியில் யாரும் ஆற்றோடு கீழே போவதில்லை. ஒரே ஒரு ஹோலுக்குள் அல்லது அலை மேல் படகை நிறுத்திக்கொண்டு, 45 விநாடிக்குள் எத்தனை விதமாகப் புரளவும் குட்டிக்கரணம் போடவும் முடியும் என்பதுதான் போட்டி. ஒவ்வொரு வித்தைக்கும் அதன் கடினத்துக்கு ஏற்ற மதிப்பெண். செய்ததையே திரும்பச் செய்தால் எண்ணிக்கையில் சேராது. அமெரிக்காவின் எரிக் ஜாக்சன் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர். ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இன்னும் சேரவில்லை. அதன் உறவுக்காரப் போட்டியான கயாக் கிராஸ் 2024-ல் பாரிஸில் சேர்ந்தது.

படகு நிற்பது எப்படி? தாவலின் அடியில் வேகத் தண்ணீர் தரையை ஒட்டிக் கீழாற்றுப் பக்கம் போகிறது. மேலே நுரை புரண்டு மேலாற்றுப் பக்கம் திரும்பி வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒரு பள்ளம். அதில் குறுக்காக உட்கார்ந்த படகை அடித் தண்ணீர் கீழாற்றுக்குத் தள்ளும். நுரை மேலாற்றுக்குத் தள்ளும். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் வரை படகு அங்கேயே இருக்கும், ஆறு முழுக்க அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தாலும்.

ஃபிரீஸ்டைல் படகு 2 மீட்டருக்கும் குறைவான நீளம்; நடுவில் பருத்து, இரு முனையிலும் சப்பையாக இருக்கும். கொள்ளளவு 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் படகும் சேர்ந்து 90 கிலோ. முனையை நுரை கலக்காத பச்சைத் தண்ணீருக்குள் செருகி, படகு முழுக்க அமுங்கினால், இடம்பெயர்ந்த 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ எடை அளவுக்கு மேலே தள்ளும். ஆளும் படகும் போக மீதி 110 கிலோ எடைக்குச் சமமான விசை. படகு தண்ணீரை விட்டே எழும்பிவிடும். அந்தரத்தில் உடம்பை முன்னால் மடக்கினால் முழுக் கரணம். அதே முனையை நுரைக்குள் செருகினால் கதை வேறு. நுரையில் பத்தில் நாலு பங்கு காற்று என்றால் தள்ளும் விசை 120 கிலோவாகிவிடும், மீதி 30-தான். படகு சோம்பலாகப் புரண்டு விழும். ஆகவே நல்ல ஆட்டக்காரரின் கண் எப்போதும் நுரைக்கு முன்னால் இருக்கும் அந்தப் பச்சைக் கோட்டின் மேல்தான்.

இதே கணக்கு மனித உடம்புக்கும் பொருந்தும். இங்கே விளையாட்டு முடிகிறது. 70 கிலோ ஆள் சாதாரணத் தண்ணீரில் மிதப்பார், அவர் உடம்பின் கொள்ளளவு 71 லிட்டரை ஒட்டி இருப்பதால். பத்தில் மூன்று பங்கு காற்று கலந்த நுரையில் அவரைத் தாங்கும் விசை 50 கிலோதான். 20 கிலோ குறைகிறது. ஆற்றுக்கான மிதவைச் சட்டை தருவது ஏழெட்டு கிலோ. தாவலுக்குள் விழுந்தவர் நீச்சல் தெரிந்தும் முங்குகிறார் என்றால் காரணம் பயமோ பலவீனமோ இல்லை. அவரைத் தாங்கும் அளவுக்கு அங்கே தண்ணீரே இல்லை.

மலையோடைகளில் இறங்குகிறவர்களின் படகைப் பார்த்தாலே இது புரியும். அருவி அருவியாக விழுந்து போகும் சிற்றாறுகளுக்கு அவர்கள் எடுத்துப் போவது நீளமான, உருண்டு திரண்ட, கொள்ளளவு மிகுந்த படகு. ஃபிரீஸ்டைல் படகு ஹோலுக்குள் நுழையச் செய்தது என்றால் இது ஹோலைத் தாண்டச் செய்தது. அருவி விளிம்பில் கடைசித் துடுப்பை ஓங்கிப் போட்டு, முனையைத் தூக்கி, கீழே புரளும் நுரைக்கு அப்பால் போய்ப் படகை மட்டமாக இறக்குவதற்கு பூஃப் என்று பெயர். துஷாரகிரிப் பக்கத்துப் பாறை ஓடைகளில் பழகுகிறவர்கள் முதலில் கற்பது இதைத்தான். ஒரே மனிதர் ஒரே பருவத்தில் ஒரு வாரம் தாவலுக்குள் குடியிருப்பார். அடுத்த வாரம் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவார். எது எந்த வகை என்று கரையில் நின்று பார்த்துச் சொல்லும் கண்தான் அவருடைய உண்மையான பயிற்சி.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? முதலில் வடிவத்தை. மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும்போது நுரைக்கோட்டின் இரு முனையும் கீழாற்றுப் பக்கம் வளைந்திருந்தால் நல்லது. மாட்டிக்கொண்டவரைத் தண்ணீரே ஓரமாக ஒதுக்கி வெளியே விட்டுவிடும். முனைகள் மேலாற்றுப் பக்கம் வளைந்திருந்தால் தண்ணீர் எல்லாவற்றையும் நடுவுக்கே இழுத்துவரும். இயற்கையான ஹோலில் பெரும்பாலும் எங்காவது ஒரு விரிசல், ஒரு பாறை இடுக்கு, ஒரு சாய்வு இருக்கும், வழி கிடைக்கும். மனிதன் கட்டியதில் இல்லை. அளவெடுத்து, மட்டம் பார்த்து, கரைக்குக் கரை ஒரே நேர்க்கோடாகக் கட்டியிருக்கிறோம். இரு பக்கமும் செங்குத்துச் சுவர். கட்டுமானம் நேர்த்தியாக இருக்க இருக்க அதற்குக் கீழே வெளியேறும் வழி குறைகிறது.

அடுத்ததாக அந்தக் கண் கீழ்ப்பக்கத் தண்ணீரின் மட்டத்தைப் பார்க்கிறது. நம் கணக்குக்குத் திரும்பிப் போகலாம். தாவி முடிந்த ஆழம் 1.4 மீட்டர் என்று கண்டோம். ஷட்டருக்குக் கீழே ஆற்றில் இயல்பாகவே அவ்வளவு ஆழம் இருந்தால் தாவல் தளத்தின் மேல் ஒழுங்காக நிற்கும். ஆறு நிரம்பி, கீழ்ப்பக்கம் 2 மீட்டராகிவிட்டது என்று வையுங்கள். தாவல் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஷட்டரோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தகடு தண்ணீருக்குள் மறைந்துவிடும். நுரை குறைந்துபோகும். மேலே பார்த்தால் ஏறக்குறைய அமைதியான தண்ணீர், சின்னச் சின்னக் கொப்புளங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மேல்பரப்பு முழுவதும் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அடியில் வேகத் தண்ணீர் கீழே போக, மேலே தண்ணீர் சுவருக்குத் திரும்பிவர, அங்கே அமுங்கி மறுபடி அடிக்குப் போக, ஓயாத சக்கரம். அதில் விழுந்த மரக்கட்டையும் பிளாஸ்டிக் கேனும் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். மனிதரும் அப்படித்தான். நல்ல நீச்சல்காரரால் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் போக முடியும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. சக்கரம் அதே வேகத்தில் அவரைப் பின்னுக்கு இழுக்கும். அதற்குக் களைப்பே கிடையாது.

1975-ல் அமெரிக்காவின் பிங்காம்டனில், சஸ்குவஹானா ஆற்றின் குறுக்கே இருந்த சிறிய தடுப்பணை ஒன்றுக்குக் கீழே இப்படி மாட்டியவர்களைத் தேடிப் படகில் போன தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், மோட்டார் படகு, பகல் வெளிச்சம் எல்லாம் இருந்தும். நீர்மீட்புப் பயிற்சிகளில் இன்றும் அந்தச் சம்பவம் பாடமாக இருக்கிறது. டொராண்டோவின் ஹான்ஸ் லாய்தாய்சர் 1991-ல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய அணைகளின் கீழ்முகத்தைப் படிப்படியாகக் கட்டினால் சக்கரம் உருவாகாமல் தடுக்கலாம் என்று காட்டினார். நம் ஊரில் காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு என்று ஆண்டுதோறும் தண்ணீர் திறந்த பிறகு படிக்கும் செய்திகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: குளிக்கச் சென்றபோது சுழலில் சிக்கி. அந்தச் சுழலைத் தெய்வச் செயல் போலவே எழுதிவிட்டுப் போகிறோம். எந்த ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருந்தது, கீழ்ப்பக்க மட்டம் எவ்வளவு என்பது அந்தச் செய்தியில் இருக்காது. இறந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் குறைந்தது அந்த இரண்டு எண்கள்.

கீழ்ப்பக்க மட்டம் கூடினால் உயிருக்கு ஆபத்து. குறைந்தால் அணைக்கே ஆபத்து. 1.4 மீட்டர் வேண்டிய இடத்தில் 1 மீட்டர்தான் இருக்கிறது என்றால் தாவல் தளத்தில் நிற்காது. கீழே கீழே நகர்ந்து, தளத்தைத் தாண்டி, மணலின் மேல் போய் விழும். அங்கேதான் அந்த 20 குதிரைசக்தி தோண்டத் தொடங்கும்.

2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த மழை கிழக்குப் பக்கமும் கொட்டியது. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் சேர்ந்து திறந்ததில் மேட்டூர் நிரம்பி, விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் வெளியேறியது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணை அது. காட்டன் காலத்துப் பிரச்சினை இதற்கு நேர் எதிரானது: கொள்ளிடம் நேராகவும் தாழ்வாகவும் ஓடித் தண்ணீரை எல்லாம் வாங்கிக்கொள்ள, காவிரி மண் மேடிட்டுத் தஞ்சாவூர் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுத்துத் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பவே மேலணை எழுந்தது. 182 ஆண்டுகள் நின்ற பிறகு விழுந்ததற்குக் கட்டுமானத்தின் வயது காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆற்றில் அளவுக்கு மீறி மணல் அள்ளியதில் படுகை தாழ்ந்துபோனதுதான் காரணம் என்று விவசாயிகளும் பொறியாளர் பலரும் சொன்னார்கள். எது எவ்வளவு பங்கு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இயற்பியல் தெளிவாக இருக்கிறது. அணைக்குக் கீழே படுகை தாழ்ந்தால் கீழ்ப்பக்க மட்டம் தாழும். மட்டம் தாழ்ந்தால் தாவல் தளத்தை விட்டு இறங்கும். மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் உயர வித்தியாசம் கூடுவதால் அடி மணலுக்குள் ஊறி ஓடும் தண்ணீரின் வேகமும் கூடும். அணைக்குக் கீழே அள்ளிய ஒவ்வொரு லாரி மணலும் இந்தக் கணக்கில் ஒரு பக்கமாகவே சேர்கிறது.

காட்டன் இந்தத் துணிச்சலை எங்கே பெற்றார் என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடுவதைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்து கற்றதாகச் சொன்னார். அதே பாடத்தைக் கொண்டுபோய்ப் பிறகு கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையைக் கட்டினார். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கல்லணைக்கு 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம் என்று குறிப்பிடுவார்கள். எல்லோரும் நீளத்தைப் பற்றியே வியக்கிறார்கள். எனக்கு அந்த 20 மீட்டர் அகலம்தான் வியப்பு. தண்ணீரைத் தடுக்க மட்டும் என்றால் அவ்வளவு அகலம் தேவையில்லை. ஏறி வழியும் வெள்ளம் தன் வேகத்தைக் கல்லின் மேலேயே தொலைத்துவிட்டு மணலுக்கு இறங்க வேண்டும் என்றால் அகலம் தேவை. கட்டியவர்களின் மனத்தில் இருந்தது இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கல்லின் கிடப்பை நான் படிக்கும் விதம் இது. சமன்பாடு இல்லாமல், வெள்ளத்துக்கு வெள்ளம் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்.

கீழ்ப்பக்க மட்டத்தின் வலிமையைக் கயாக் உலகம் தன் வழியில் அறிந்திருக்கிறது. உகாண்டாவில் நைல் ஆற்றின் நைல் ஸ்பெஷல் அலை உலகத்து ஃபிரீஸ்டைல்காரர்களுக்குப் புனிதத் தலம் மாதிரி இருந்தது. அதற்குக் கீழே 2019-ல் இசிம்பா அணை இயங்கத் தொடங்கியது, தேங்கிய தண்ணீரின் மட்டம் ஏறியது, அலை மூழ்கிப்போனது. பாறை அங்கேயேதான் இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. சட்டஹூச்சி ஆற்றில் இருந்த இரண்டு பழைய ஆலை அணைகளை 2012-லும் 2013-லும் உடைத்தார்கள். நேர்ச்சுவர் இருந்த இடத்தில் பாறை அடுக்கி ஓட்டத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். 2023-ல் ஃபிரீஸ்டைல் உலகப் போட்டியே அங்கே நடந்தது. டெல்டாவுக்கு அந்த வழி பொருந்தாது. நம் கதவணைகளை உடைத்தால் குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. ஆனால் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு தடுப்பணையின் கீழ்முகத்தையும் செங்குத்தாக விடாமல் படியாகவோ பாறைச் சரிவாகவோ கட்டலாம். தண்ணீர் திருப்பும் வேலையில் அதனால் ஒரு குறையும் வராது.

கட்டி முடித்தவற்றுக்கு என்ன செய்வது? ஷட்டர் தூக்கும் லஸ்கர்களுக்கு எந்த மட்டத்தில் எந்த மதகு உள்ளே இழுக்கும் என்று அனுபவத்தில் தெரியும். தலைப்புகளில் மட்டம் குறிக்கும் அளவுப் பலகை ஏற்கெனவே இருக்கிறது. கீழ்ப்பக்கப் பலகையில் இழுக்கும் மட்டத்துக்கு மேலே சிவப்பு வண்ணம் அடித்துவைத்தால், ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு வருகிறவருக்கும் அது புரியும். பலகை இல்லாத இடத்தில் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். பாலத்தின் மேல் நின்று, ஷட்டரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளித் தேங்காய் மட்டை ஒன்றை வீசுங்கள். கீழாற்றோடு போய்விட்டால் அன்றைக்குத் தாவல் திறந்திருக்கிறது. சுவரை நோக்கித் திரும்பி வந்து, அமுங்கி, எழும்பி, மறுபடி திரும்பி வந்தால், தண்ணீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் அங்கே ஒருவரையும் இறங்க விடக் கூடாது.

யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தால் பின்னாலேயே குதிப்பதும் படகில் நெருங்குவதும் இரண்டாவது உயிரைப் பறிகொடுப்பதாகத்தான் முடியும். கயாக்காரர்கள் ஒருவர் ஹோலுக்குள் ஆடும்போது இன்னொருவரைக் கீழ்க்கரையில் கயிற்றுப் பையோடு நிறுத்தியிருப்பார்கள். கயிறு மாட்டியவரின் தலைக்கு மேலாகப் போய் விழ வேண்டும். கரையிலிருந்து, சாய்வாகக் கீழாற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது லஸ்கரைக் கூப்பிட்டு அந்த ஷட்டரை இறக்கச் சொல்வது. அடியில் வரும் தண்ணீர் நின்றால் சக்கரமும் நிற்கும். அதுவரை பிடித்துக்கொள்ள, 20 மீட்டர் நைலான் கயிறும் அதன் நுனியில் மூடி இறுக்கிய காலி கேனும் ஒவ்வொரு தலைப்பிலும் லஸ்கர் கொட்டகையின் வெளிச்சுவரில், பூட்டு இல்லாமல், தொங்க வேண்டும்.